கால்மாட்டில் இரண்டு செங்கல்

என் தங்கையின் கணவருக்கு ஏதோ பெரிய நோய் இருக்கிறது, அதை எங்களிடம் மறைக்கிறார் என்ற சந்தேகம் எனக்கு அவருடைய கட்டிலைப் பார்த்துத்தான் வந்தது. கால்மாட்டில் இரண்டு கட்டில்கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். தலைப்பக்கம் பள்ளம். தலையணையும் இல்லை. இப்படியா ஒரு மனிதன் படுப்பான்?

என்னைச் சந்தேகப் பிராணி என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராகவே காலத்தை ஓட்டியவள் நான். யாரிடம் டிக்கெட் இல்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டிக்கெட் வாங்காதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான். எங்கள் அப்பாவும் அப்படித்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வெறும் வாயுத் தொல்லைதாம்மா" என்றார். அடுத்த மாதம் அவர் இல்லை. அதற்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் தங்கைக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் லிப்ட் மெக்கானிக். என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி. விருந்துக்குப் போகிற இடத்தில்கூட லிப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். அவருடைய கருவிப் பையில் எப்போதும் ஒரு தகரப் பலகை இருக்கும். 'பழுது. ஏறாதீர்கள்.' கூட வேலை செய்கிறவர்களிடம் அவர் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "சந்தேகம் வந்தா முதல்ல பலகையை மாட்டு. காரணத்தை அப்புறம் தேடிக்கலாம்." குடியிருப்பவர்கள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர் பாட்டுக்குத் திருகாணியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர் ராக்கெட் பைத்தியமானதும் லிப்டால்தான். இப்போது செய்கிற பெரிய ராக்கெட்டுகளில் ஒன்று நிலாவில் போய் நிற்கும்போது பல மாடிக் கட்டடம் உயரம் இருக்குமாம். உச்சியில் இருக்கிற ஆட்கள் தரைக்கு வர லிப்ட் வைக்கப் போகிறார்களாம். இதை எங்கேயோ பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

"நிலாவுல லிப்ட், அக்கா," என்றார் என்னிடம். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. "நடுவுல நின்னு போச்சுன்னா யாருக்குப் போன் பண்ணுவாங்க?"

"உங்களுக்குத்தான். பையைத் தூக்கிட்டுக் கிளம்புங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. எந்த ராக்கெட் எவ்வளவு பாரம் தூக்கும், எது போன வாரம் வெடித்தது, செவ்வாய்க்கு மனிதன் எப்போது போவான். சாப்பாடு ஆறிப் போவது தெரியாமல் பேசுவார். தங்கை 'உம்' கொட்டிக்கொண்டே துணி மடிப்பாள். தெருப் பிள்ளைகள் 'ராக்கெட் மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் அந்தப் பேச்சு அடியோடு நின்றது. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். உப்பை விட்டார். டீயை விட்டார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. பிறகு இந்தச் செங்கல்.

"கால்ல நீர் கோக்குதாம்க்கா. காலைத் தூக்கி வச்சா நல்லதாம்," என்றாள் தங்கை.

"அதுக்குத் தலையணையைக் காலுக்கு வச்சா போதாதா? கட்டிலையே கவுத்துப் போடுவாங்களாடி?"

"நீ கடவுளே வந்து சொன்னாலும் நம்ப மாட்டே."

நம்பவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். தங்கை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாப்பிள்ளை தலை கீழே, கால் மேலே. முகம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்தபடி ஸ்ட்ரா போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். கட்டில் சட்டத்தின்மேல், சாய்வு சரியா என்று பார்க்க, லிப்ட் தண்டவாளத்துக்கு வைக்கிற ரசமட்டம்.

"மாப்பிள்ளை, யாருக்குக் காது குத்துறீங்க? உடம்புக்கு என்ன?"

பேந்தப் பேந்த விழித்தார். பிறகு மென்று விழுங்கி மென்று விழுங்கிச் சொன்னார். வெகுதூரம் விண்வெளிப் பயணம் போகிறவர்களுக்கு ரத்தம் தலைக்கு ஏறுமாம், எலும்பு தேயுமாம். அது ஏன் என்று ஆராய, பூமியிலேயே ஆட்களை இரண்டு மாதம் இப்படித் தலை தாழ்த்திப் படுக்க வைக்கிறார்கள். குளிக்கக்கூட எழுந்திருக்கக் கூடாது. அதற்கு ஆள் எடுத்தார்கள். இவர் போயிருக்கிறார். ரத்தம் எடுத்தார்களாம், மெஷினில் ஓட விட்டுப் பார்த்தார்களாம்.

"மேல போறதுக்கு எனக்கு ஏது யோகம்? படுத்துக் கிடக்கவாவது நான் ஆவேன்ல? சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை."

எனக்கு உயிர் வந்தது. சிரிப்பும் வந்தது. நோய் இல்லை, கிறுக்குத்தான். கிறுக்கோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் குடும்பம் நடத்தலாம்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லக்கா. வயசு ஜாஸ்தின்னுட்டாங்க. அதான் லீவு நாள்ல வீட்டுலயே படுத்துப் பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். "வயசை முதல்லயே கேட்டிருப்பாங்களே மாப்பிள்ளை. ரத்தம் எடுத்து, ஓட விட்டுப் பார்த்த பிறகா வயசு தெரிஞ்சுது?"

என் சந்தேகம் இந்த ஒருமுறை பொய்யாகிவிடக் கூடாதா என்று அப்போது நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

"இதயத்துக்குப் போற குழாய்ல அடைப்பாம்," என்றார் கடைசியில். "ஆபரேஷன் பண்ணணுமாம். பண்ணிட்டா இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இனி ஜென்மத்துக்கும் என்னைச் சேர்க்க மாட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடியும் ஆள் எடுக்கிறாங்க, அக்கா. உப்பைக் குறைச்சு, கொழுப்பைக் குறைச்சு, எப்படியாவது அதுவரைக்கும்..."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கம் அரவம் கேட்டது. தங்கை துணிக்குவியலோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணியை நாற்காலியில் வைத்தாள். மூலையில் இருந்த கருவிப் பையைத் திறந்து, ஸ்பேனரையும் வயரையும் ஒதுக்கி, அந்தத் தகரப் பலகையை எடுத்தாள். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில், அவர் கண்ணுக்கு நேராக மாட்டினாள்.

அந்தப் பலகையை இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் மாட்டியவர், அன்றுதான் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படித்தார்.

"அடுத்த வருஷம் திரும்பப் பார்க்கலாம்னு எந்த லிப்டையாவது ஓட விட்டிருக்கீங்களா?" என்றாள் தங்கை. குரல் அப்போதுதான் உடைந்தது. "எறங்குங்க. காரணத்தை டாக்டர் தேடிக்கட்டும்."

அவர் மெதுவாகப் புரண்டு எழுந்து கட்டிலைவிட்டு இறங்கினார். தலை சுற்றியிருக்க வேண்டும், அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து செங்கற்களை உருவினேன். கட்டில் தடாலென்று தரைக்கு வந்தது.

"சட்டையை எடு," என்றார். ஜன்னலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.