ஒரு பெயருக்கு ஒரு தட்டு

மதிப்புக்குரிய நூலகத்து ஐயா, அம்மா,

மழைக்காலத்து ஆற்றின் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மலாக்காவில் செலண்டாருக்கு உட்புறமாக இருந்த எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்கும் ரப்பர் மரங்களுக்கும் நடுவே ஓடிய அந்தச் சிற்றாறு, மற்ற மாதங்களில் கணுக்கால் நனையும் அளவுக்கே இருக்கும்; மழை பிடித்துக்கொண்டால் செம்மண் நிறத்தில் ஏறி வந்து, பலகைப் பாலத்தின் கால்களில் மோதிச் சுழன்று, தன்மேல் தானே புரண்டு விழுந்து, பக்கத்தில் நிற்பவரின் பேச்சையும் விழுங்கிவிடும். பிள்ளைகளாகிய நாங்கள் அந்த இடத்தைக் "கொதிக்கிற தண்ணி" என்போம். தொட்டால் சில்லென்று இருக்கும்.

அதற்குக் கொந்தளிப்பு என்று பெயர் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, மீன் சுற்றி வந்த செய்தித்தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கடலுக்கும் அதையே சொல்கிறார்கள். கூட்டத்துக்கும் அதையே சொல்கிறார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் நெஞ்சுக்கும் அது பொருந்தும் என்பதை எனக்கு எந்தத் தாளும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு அண்மையில் ஒரு நினைவு மலர் வெளியிட்டார்கள். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். அதன் நடுவில் ஒரு வரி: "பாலம் உடைந்த மழைக்காலத்தில் தொழிலாளர்களிடையே எழுந்த கொந்தளிப்பை நிர்வாகம் திறமையாக அடக்கியது." மலரைத் தொகுத்த தம்பியோடு மூன்று முறை தொலைபேசியில் பேசினேன்.

"ஆண்ட்டி, புக்கு பிரிண்ட் ஆயிருச்சுலா. இனிமே என்னா செய்யறது?"

"யாருப்பா சொன்னது, கொந்தளிப்புன்னு?"

"பழைய ஆபீஸ் பேப்பர்ல அப்டித்தான் இருக்கு ஆண்ட்டி. ஒரு வரிதானே, விடுங்களேன்."

"ஒரு வரிதான் தம்பி. அதுக்குள்ள எங்கம்மா இருக்காங்க."

அவர் சிரித்தார். மரியாதையான பிள்ளைதான், ஆயினும் சிரித்தார். நான்காம் முறை நான் அழைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா இல்லாத வீடு; அம்மா அஞ்சலையின் பெயர் தோட்டத்துப் பட்டியலில் இருந்ததால்தான் லயத்தில் எங்களுக்கு ஓர் அறையும் அடுப்பங்கரையும் இருந்தன. நாள்தோறும் விடியுமுன் அக்கரையில் ரப்பர் பால் ஸ்டோருக்கு முன்னால் "பெரட்டு" நடக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாணிக்கம் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் சொன்னவருக்கு அன்று வேலை. தொடர்ந்து மூன்று நாள் பதில் இல்லாவிட்டால் பெயர் அடிபடும், பெயரோடு வீடும் போகும்.

அந்த மழையில் பாலத்தின் பலகைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. கால்கள் மட்டும் நின்றதால் சுழிப்பு முன்னிலும் மூர்க்கமாயிற்று. அக்கரைக்குப் போக வேண்டுமானால் சாலை வழியாக ஒரு மணி நேரம் சுற்றி நடக்க வேண்டும்; விடியுமுன் இருட்டில் அந்த வழி ஆகாது. பெரட்டு நேரத்தையோ தோட்ட மேலாளரான துரை மாற்றவில்லை. ஆகவே மண்டோர் அக்கரையில் நின்று தகரத்தைச் சுருட்டிய குழலில் பெயர்களைக் கத்துவார். இக்கரையில் இருப்பவர்கள் பதில் சொல்லிவிட்டுச் சுற்றி நடக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவர் குரல் எங்களுக்கு எட்டியது. எங்கள் குரல் அவருக்கு எட்டவில்லை. அம்மாவின் குரலோ சாதாரண நாளிலேயே அடுத்த வீட்டுக்குக் கேட்காது. இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு நாளும் வரவில்லை என்றே எழுதப்பட்டது.

இரண்டாம் நாள் மாலை, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சுற்றி நடந்து மண்டோர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, கத்துனா கேக்கல. பால் வாளிய மரஞ்சீவுற கத்திப்பிடியால தட்டுறோம். தகரச் சத்தம் தண்ணியத் தாண்டி வரும்."

மண்டோர் தலையைச் சொறிந்தார். "தட்டுங்க. ஆனா ஒரு பேருக்கு ஒரு தட்டு. அதுக்கு மேல ஒரு சத்தம் வரப்படாது அஞ்சல. துரை புதுசு, பயந்தவரு."

அவர் அப்படிச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கப்போகிறார்கள் என்ற பேச்சால் எல்லா லயங்களிலும் மனம் கலங்கிக் கிடந்த காலம் அது.

மூன்றாம் நாள் இருட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். குழலில் ஒரு பெயர்; இக்கரையில் "டங்" என்று ஒரு தட்டு. அடுத்த பெயர்; அடுத்த தட்டு. "அஞ்சல!" என்று வந்தது. அம்மா ஒரு முறை தட்டினார். அக்கரையில் மண்டோரின் டார்ச் லைட் ஒரு தடவை ஏறி இறங்கியது. வீடு பிழைத்தது.

அந்த மகிழ்ச்சியை எனக்கு அடக்கத் தெரியவில்லை. கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. தட்டினேன். என்னோடு நின்ற பிள்ளைகளும் தட்டினார்கள். திருவிழா மேளம்போல, நிறுத்தாமல், அந்த ஆற்றையே தோற்கடித்துவிடுவதுபோலத் தட்டினோம். "ஏய், நிறுத்துங்கடி!" என்று பெண்கள் கத்தியது தண்ணீரில் போயிற்று. மேட்டுப் பங்களாவில் துரை விழித்து, லயத்துச் சனங்கள் கலகம் செய்வதாகப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

ஜீப் வந்தது. தட்டச் சொன்னது யார் என்று கேட்டார்கள். மண்டோர் தரையைப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான்தான்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று; யோசனை அவருடையதுதான். ஆனால் கலகம் என்று எழுதப்பட்ட சத்தம் அவருடையதன்று.

அன்று மாலை அவர் என்னிடம் சொன்னது: "வாயத் தொறந்த, பள்ளிக்கூடத்துலயும் பேர வெட்டிருவாங்க. வீட்டோட போகட்டும்."

வீட்டோடு போகவில்லை. அம்மாவின் பெயர் அடிபட்டது; ஒரு வாரத்தில் கடலோரத்து உம்பாய்க்கு வந்தோம். அம்மா மீன் கழுவும் வேலைக்குப் போனார், நானும் கூடப் போனேன், பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. அவர் காப்பாற்ற நினைத்ததும் கைவிட்டுப் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. துரைமீதும், தரையைப் பார்த்த மண்டோர்மீதும், அந்த டின்மீதும்.

சென்ற வாரம் மருமகனின் காரில் அந்த இடத்துக்குப் போனேன். லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆறு சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாயில் அடங்கிப் போகிறது. அக்கரையில் யாரோ கைப்பேசியில் பேசியது எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. இன்றைக்கு அம்மா இங்கே நின்று, தம் இயல்பான குரலில், "இருக்கேன்" என்று சொன்னாலே போதும்.

ஐயா, அம்மா, மலரை என்னால் திருத்த முடியாது. உங்கள் நூலகத்தில் இந்தத் தாளையாவது அதோடு சேர்த்து வைத்திருங்கள். அஞ்சலை ஒரு முறைதான் தட்டினார். மற்றதெல்லாம் நான் தட்டியது.