மாலை போடக்கூடாத படம்

அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவழிவார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. ஆனந்தவள்ளியை அப்படிச் சொன்னால் அது அநியாயம். அவள் தூங்குவதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எங்கேயோ போய்விடுவாள், அவ்வளவுதான். "ஆன்ட்டி, பாத்ரூம் எங்க இருக்கு" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு தடவை கேட்டால்தான் திரும்பி வருவாள். வந்ததும் எழுந்து, பிள்ளையின் கையைப் பிடித்துப் பாத்ரூம் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. முன்பு நெல் மூட்டை அடுக்கிய கிடங்கு. ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, வெள்ளையடித்து, இந்த வட்டாரத்தின் வரலாறும் கலையும் இதுதான் என்று கொஞ்சம் சாமான்களை உள்ளே வைத்தது. பழங்காசு, பானை ஓடு, கை உடைந்த கற்சிலைகள், கண்ணாடியில் வரைந்த சாமி படங்கள். கூரை ஓடுகளுக்கு நடுவே அங்கங்கே கண்ணாடி ஓடு பதித்திருப்பதால் வெயில் சதுரம் சதுரமாகத் தரையில் விழும். பொழுது ஏற ஏற அந்தச் சதுரங்கள் நகர்ந்து, சாயங்காலம் சுவரில் ஏறி, காணாமல் போகும். வாரநாட்களில் ஆள் வருவது அபூர்வம். அந்த வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாதச் சம்பளமும் தருகிறார்கள் என்பது ஆனந்தவள்ளிக்கு இன்னமும் நம்ப முடியாத விஷயம்தான்.

அந்த அமைதியில் அவள் எங்கே போவாள் என்றால், வாசலுக்குத்தான் போவாள். பூவரசன் வருவார். டிக்கெட் கவுன்ட்டரில் சில்லறை தேடுவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்துக்கொண்டே, அவசரமே இல்லாமல் இந்த அறைக்கு வருவார். வந்து, "இங்கயா உக்காந்திருக்க" என்பார். கனவில் அவருக்கு வயது கூடியதே இல்லை. சட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு.

பூவரசன் அவள் புருஷன். முசிறியில் குத்தகைக்கு வாழை போட்டவர். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் காவிரி கரை கொள்ளாமல் வந்தபோது, படுகையில் இருந்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று போனார். மோட்டாரும் வரவில்லை, அவரும் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் படகு விட்டுத் தேடினார்கள். ஆறு வடிந்த பிறகும் தேடினார்கள். கரையில் ஒதுங்கியது எதுவும் அவருடையதில்லை. கண்ணால் காணாததை எப்படி ஒப்புக்கொள்வது என்றாள் ஆனந்தவள்ளி. ஊர்ப்பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், கோபித்துப் பார்த்தார்கள். ஒரு காரியமும் செய்யக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். நெற்றிக் குங்குமமும் கழுத்துத் தாலியும் அப்படியே இருக்க, மகள் தேவதர்ஷினியைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து, தென்னூரில் ஒரு மாடி வீடு பிடித்தாள். அந்த வீட்டில் பூவரசனின் படம் சுவரில் மாட்டப்படவில்லை. அலமாரித் தட்டில், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் பக்கத்தில், வெளியே கிளம்பப் போகிற ஆள் மாதிரி நின்றது.

இப்போது தேவதர்ஷினிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை சரவணன், லால்குடிக்காரர். அவருடைய அம்மா அமிர்தம் நல்ல மனுஷி. மனதில் பட்டதை மனதிலேயே வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

"மேடையில அவரு படத்தை வச்சு, மாலை போட்டு, பிள்ளைங்க ரெண்டும் விழுந்து கும்பிடணுங்க சம்பந்தி. அப்பா ஆசீர்வாதம் வாங்காம தாலி கட்டுனா எனக்கே மனசு கேக்காது" என்றார் ஒரு நாள் தென்னூர் வீட்டுக்கு வந்தபோது.

"படத்துக்கு எதுக்குங்க மாலை? ஆளே வந்து நிப்பாரு" என்றாள் ஆனந்தவள்ளி.

அமிர்தம் காபி டம்ளரைப் பார்த்தார். சமையலறையில் தேவதர்ஷினி, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் ஃபெமினாவுக்கு அந்த யோசனை வந்தது. அருங்காட்சியகத்தின் கண்காட்சிகளை நடத்துகிற பெண் அவள். காஜாமலையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கோலப் போட்டி, கொலு, களிமண் வகுப்பு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைக் கூட்டிக் கட்டடத்துக்குள் கொண்டுவருவதில் கெட்டிக்காரி. இந்தத் தடவை 'எங்க வீட்டுச் சுவர்' என்று பெயர் வைத்தாள். அவரவர் வீட்டில் மாட்டியிருக்கிற குடும்பப் படத்தை, அந்தச் சட்டத்தோடும் கறையோடும் அப்படியே கொண்டுவந்து தர வேண்டும்.

முசிறியிலிருந்து வந்தது, லால்குடியிலிருந்து வந்தது, உறையூரிலிருந்து ஆட்டோவில் வந்தது. வாங்கி வைத்துக்கொள்கிற வேலை ஆனந்தவள்ளிக்கு. கொண்டுவந்தவர்கள் படத்தோடு கதையையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். இவர் எங்க பெரியப்பா, இது அவரு சிலோன்ல எடுத்தது, இந்தக் குழந்தை தங்கலை. ஆனந்தவள்ளி எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. பல படங்களில் பிளாஸ்டிக் மாலையும் சந்தன மாலையும் தூசி அப்பிக் கிடந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, திறப்பு விழா அன்று புதுப் பூவாகப் போடலாம் என்றாள் ஃபெமினா. ஆனால் எல்லாருக்கும் போட முடியாதே. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டால் அருங்காட்சியகத்தைப் பூட்டவேண்டியதுதான். அதிலும் புருஷன் போய், மனைவி இருக்கிற ஜோடிப் படங்கள் வேறு.

"அதுக்கு மாலை வேணாம் மேடம். அவரு நிக்கிற பக்கமா மூலையில மட்டும் ஒரு பூவைச் செருகிடலாம்" என்றாள் ஆனந்தவள்ளி.

"நீங்களே போட்டுடுங்கக்கா. யாருக்குப் போடணும், யாருக்குக் கூடாதுன்னு நீங்கதான் எல்லார்கிட்டயும் கேட்டு வச்சிருக்கீங்க. வேற யாரும் கை வைக்க வேணாம்."

மதுரைவீரன் என்கிற பழைய பஸ் டிரைவர் இதற்கென்றே இரண்டு தடவை நேரில் வந்து போனார். காக்கிச் சட்டையில், பஸ்ஸின் முன்னால் கையைக் கட்டி நிற்கிற படம் அவருடையது. "நான் இருக்கேம்மா. ஞாபகம் வச்சுக்கங்க. பேரன் பேத்தியெல்லாம் வரும், பயந்துரப் போவுது" என்றார். அவர் படத்துக்குக் கீழே ஆனந்தவள்ளி சாக்பீஸால் தரையில் ஒரு கோடே போட்டு வைத்தாள்.

வேலை செய்கிறவர்களும் ஆளுக்கொரு படம் தரலாம் என்றார்கள். ஆனந்தவள்ளி இரண்டு நாள் யோசித்து, அலமாரித் தட்டிலிருந்த படத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். வாழைத்தோப்பில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற பூவரசன்.

"இதுக்கு மாலை கிடையாது மேடம்" என்றாள்.

"சரிக்கா" என்றாள் ஃபெமினா.

ஏன் கொண்டுவந்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாலு ஊர்க்காரர்கள் வரப்போகிறார்கள். கரூர் போகிறவர்கள், ஈரோடு போகிறவர்கள், லாரியிலேயே வாழ்கிறவர்கள். அதில் ஒருத்தராவது இந்த முகத்தின் முன்னால் நின்று, அட, இவரை நான் பார்த்தேனே என்று சொல்லிவிட மாட்டார்களா? வெள்ளம் எங்கோ கொண்டுபோய் ஒதுக்கி, தலையில் அடிபட்டு, ஊர் பேர் மறந்து எங்கேயோ பிழைத்துக் கிடக்கிறார். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். நினைத்து நினைத்து அது நடந்ததாகவே ஆகியிருந்தது. மகள் கல்யாணத்துக்குள் யாராவது அடையாளம் சொன்னால் போதும், போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். கண்காட்சி அவளுக்குக் கடைசி வழியாகப் பட்டது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. காலையில் சாத்தார வீதியிலிருந்து பூ வந்து இறங்கியது. செவ்வந்தி, சம்பங்கி, நடுநடுவே மரிக்கொழுந்து. கூடையைத் திறந்ததும் கிடங்கு முழுக்க வாசனை. ஃபெமினா வாசலில் மைக்குக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஆனந்தவள்ளி மட்டும். ஸ்டூலில் ஏறுவாள், மாலையைப் போடுவாள், நுனி நூலை ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றுவாள், இறங்குவாள். சாக்பீஸ் கோட்டைக் கண்டதும் உஷாராக மதுரைவீரனைத் தாண்டினாள். ஜோடிப் படங்களில் கணக்காக மூலையில் பூ செருகினாள்.

வெயில் கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கியது. கை நிறையப் பூ, ஈர நார், சம்பங்கி வாசனை. அப்புறம் அவள் அங்கே இல்லை. முசிறியில், அம்மா வீட்டு வாசல் பந்தலில் நின்றாள். மேளம் கொட்டுகிறது. மாலை மாற்றச் சொல்கிறார்கள். அவள் குள்ளம், அவர் நெட்டை. எக்கியும் எட்டவில்லை. பின்னால் சித்திமார்கள் சிரிக்கிறார்கள். அவர் யாருக்கும் தெரியாமல் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். மாலை விழுந்தது. நிமிரும்போது அவர் சிரித்த சிரிப்பு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அக்கா, குத்துவிளக்குத் திரி எங்க வச்சீங்க?" என்று ஃபெமினா கூப்பிட்டாள். ஆனந்தவள்ளி ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடினாள். எங்கே விட்டோம் என்று திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. கூடை காலியாகியிருந்தது.

விளக்கேற்றி முடிந்ததும் கூட்டம் உள்ளே வந்தது. சுவரில் தங்கள் ஆட்களைக் கண்டதும் ஜனங்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. மதுரைவீரன் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்து எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஆனந்தவள்ளி தன் நாற்காலியில், பூவரசன் படத்துக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். பலரும் நிற்காமல் நகர்ந்தார்கள்.

வெள்ளைச் சட்டையும் வலைத்தொப்பியும் போட்ட ஒரு பெரியவர் நின்றார். நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஆனந்தவள்ளி எழுந்து பக்கத்தில் போனாள்.

"இவரு எந்த ஊரும்மா?"

"முசிறிங்க பாய்."

"அதானே. பாத்த முகமா இருக்கேன்னு பாத்தேன். நான் கியாசுதீன், வாழைத்தார் வியாபாரம்."

"எங்க பாத்தீங்க? எப்பப் பாத்தீங்க?" என்றாள் ஆனந்தவள்ளி.

"அங்கதாம்மா, முசிறியில. தார் ஏத்தும்போது வந்து நிப்பாரு. வருஷம் ஆச்சு. அப்புறம் ஆளைக் காணமேன்னு நெனைச்சிருக்கேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சிரிச்ச முகம். எப்பம்மா தவறுனாரு?"

ஏன் இப்படிக் கேட்கிறார் என்று ஆனந்தவள்ளிக்குக் கோபம் வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

பூவரசனின் கழுத்தைச் சுற்றிச் சம்பங்கி மாலை கிடந்தது. நுனி நூல் ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வேறு யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. ஊரே சொல்லியும் செய்யாததை அவள் கையே செய்திருக்கிறது, அதுவும் அவள் சந்தோஷமாக இருந்த நேரத்தில். துரோகம் செய்துவிட்டதாகப் பட்டது. ஸ்டூல் தேவைப்படவில்லை. எக்கி, மாலையைப் பிடித்தாள்.

"அம்மா."

அறை வாசலில் தேவதர்ஷினி நின்றாள். பின்னால் அமிர்தம். கண்காட்சி பார்க்க வந்தவர்கள். தேவதர்ஷினி படத்தைப் பார்த்தாள், மாலையைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். மாட்டுகிற கை என்றே நினைத்தாள். அத்தனை பேர் நடந்த சிமெண்டுத் தரையில், புதுச் சுடிதாரோடு, அப்பாவின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். கும்பிட்டவள் எழுந்திருக்கவில்லை. அவள் முதுகு குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது.

அப்பாவுக்காக மகள் அழுது ஆனந்தவள்ளி பார்த்ததே இல்லை. வெள்ளம் வந்த அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. நல்ல திடமான பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடமாவது மண்ணாவது. தான் அழ விட்டால்தானே? உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எதற்கு அழுகை என்று அந்த வாயை இத்தனை வருஷம் அடைத்து வைத்தது யார்? இன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு அப்பா செத்துப்போக அனுமதி கிடைத்திருக்கிறது. அது புரிந்தபோது ஆனந்தவள்ளிக்குத் தன் மேலேயே தாங்க முடியாத வருத்தம் வந்தது.

மாலையைப் பிடித்த கை தானாக இறங்கியது. தரையில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அமிர்தம் பேச வாயெடுத்து, அதிசயமாக, பேசாமல் நின்றார்.

"நீயாம்மா போட்ட?" என்றாள் தேவதர்ஷினி, மூக்கு அடைத்த குரலில்.

"நாந்தான் போட்டேன்."

கியாசுதீனுக்குச் சங்கடமாகிவிட்டது. தெரியாமல் கேட்டுவிட்டதாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நகரப் பார்த்தார். ஆனந்தவள்ளி மகளின் தலையைத் தடவியபடியே அவரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஆடி மாசங்க பாய். பெருவெள்ளத்துல போயிட்டாரு."