ஏழாம் நம்பரின் இடது பக்கம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிகளில் பிளஸ் டூ பரீட்சையெல்லாம் முடிந்து சித்திரை வெயில் கொளுத்த ஆரம்பித்திருந்த நேரம். திருவண்ணாமலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஊரிலுள்ள பெண்கள் கூடைப்பந்து கிளப்புக்கும் விளையாடிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மாவட்ட அளவிலான போட்டியில் எங்கள் அணி முதன்முறையாக இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மொத்தம் மூன்று ஆட்டங்கள். இரண்டில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. எதிரே நின்றவர்கள் அடி அண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள். லீக் ஆட்டத்தில் எங்களை ஓட ஓட விரட்டியவர்கள்.

அரையிறுதியில் என் முழங்கால் பிசகிவிட்டது. இனி இந்த சீசனுக்கு ஆட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் எங்கள் கோச் வந்தார்.

"சும்மாதானே உக்காந்துனு இருக்க? அவங்க பிராக்டீஸ் பண்றத போய்ப் பாத்துட்டு வா. முதல்ல எறங்குற அஞ்சு பேருக்கு எது வரும், எது வராது, அது எனக்குத் தெரியணும்."

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் திகில். லீக் ஆட்டத்தில் என்னைப் பார்த்தவர்கள் அவர்கள். வேவு பார்க்க வந்தவள் என்று தெரிந்தால் மானம் போய்விடும். நல்லவேளை, அவர்களுடைய கோர்ட் கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. செருப்பை வீட்டிலேயே விட்டேன். நெற்றி நிறைய விபூதி, தலையில் முக்காடாகத் துப்பட்டா. அடி அண்ணாமலை முனை வரை ஆட்டோவில் போய், அங்கிருந்து நொண்டி நொண்டி நடந்தேன். பாதையில் மலை சுற்றுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. கம்பி வேலிக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. கால் வலிக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்தில் ஒரு வெளியூர் அம்மா வந்து அமர்ந்தார். "காலு இப்படி வீங்கியிருக்குதே, அப்படியும் நடக்கிறியேம்மா. என்ன வேண்டுதல்?" என்று கேட்டார். ஒரு கோப்பைக்காக என்று சொல்லவா முடியும்? "வீட்டுக்காகத்தாங்க" என்று முனகிவிட்டு வேலிக்குள்ளேயே பார்த்தேன். யாராவது திரும்பினால் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

ஐந்து பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். நாலாம் நம்பர் நல்ல உயரம், ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கியது. ஒன்பதாம் நம்பருக்கு வலது கை தவிர வேறெதுவும் வராது. மற்ற இருவரும் ஏழாம் நம்பர் கொடுக்கும் பந்துக்காகக் காத்திருப்பவர்கள். அந்த ஏழாம் நம்பர்தான் அந்த அணியே. ஒல்லியான, பிளஸ் டூ முடித்த பெண். தடித்த கண்ணாடியை ஒரு எலாஸ்டிக் பட்டையால் தலையோடு இறுக்கியிருப்பாள். பந்தை அவள்தான் கொண்டுவருவாள், அவள்தான் பிரித்துக் கொடுப்பாள்.

அவளிடம் ஏதோ ஒன்று எனக்கு நெருடியது. லீக் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் பாம்பு மாதிரி நெளிந்து போனவள், இப்போது வலது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தாள். இடது பக்கம் நிற்கும் தோழிக்குப் பந்து போடுமுன் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடவை இடப்பக்கமிருந்து வந்த சாதாரண பாஸ் அவள் தோளில் பட்டுத் தெறித்தது. அவள் கை தூக்கவே இல்லை. திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு கவனம் பிசகியவள்போல் சிரித்துச் சமாளித்தாள்.

அவளுக்கு இடது பக்கம் தெரியவில்லை!

பாதி வழியிலேயே கோச்சுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். புதையலைக் கண்டுபிடித்த மாதிரிதான் அப்போது இருந்தது.

மறுநாள் சாயங்காலப் பயிற்சியில் கோச் உற்சாகமாக இருந்தார். ஏழாம் நம்பர் பந்தோடு வரும்போது எங்கள் ஆள் ஒருத்தி இடப்பக்கமாக வந்து வழியை மறித்து அசையாமல் நிற்க வேண்டும். தெரியாமல் வந்து மோதுவாள், பந்து போய்விடும். அப்படி அசையாமல் மறித்து நிற்பது விளையாட்டின் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஒத்திகைக்காக எங்கள் கேப்டன் ஏழாம் நம்பராக ஆனாள். இடது கண்ணை ஒரு கைக்குட்டையால் கட்டிக்கொண்டாள்.

அவள் முழு வேகத்தில் ஓடிவந்தாள். மறித்து நின்றவளின் தோள் அவள் முகத்தில் நேராக இடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மல்லாந்து விழுந்தவள் எழுந்தபோது உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. எல்லோரும் ஓடினோம். கட்டை அவிழ்த்துக்கொண்டே அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, எனக்குக் கட்ட அவுத்துட்டா சரியாப் போச்சு. அவளுக்கு?"

நேராகக் கோச்சிடம் போய், அந்தப் பெண்ணின் கண்ணைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. முகம் மாறத்தான் செய்தது. ஆனாலும், "தினம் பாக்கறவங்க, அவங்க கோச்சுக்குத் தெரியாமயா இருக்கும்? நீ போட்டுக் குழப்பிக்காத" என்றார்.

அன்று வீட்டில் இதே யோசனைதான். தெரியாமல் இருந்தால்? தெரிந்தும் ஆடவைக்கிறார்கள் என்றால்? நான் போய்ச் சொன்னால் என் அணிக்குத் துரோகமா? சொல்லாமல் இருந்து, கேப்டன் விழுந்த மாதிரி அவள் விழுந்தால்? முதல் ஆட்டம் நெருங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் கேப்டனுக்கு போன் செய்தேன். வீங்கிய உதட்டோடு, "நானே கூப்பிடலாம்னு இருந்தேன். வா, போலாம்" என்றாள்.

அடுத்த நாள் சாயங்காலம், அவளுடைய ஸ்கூட்டியில் போனோம். இந்தத் தடவை விபூதி, முக்காடு எதுவும் இல்லை. கோர்ட்டுக்குள் கால் வைத்ததுமே ஆட்டம் நின்றுவிட்டது. அவர்களுடைய கோச் ஒரு பெண்மணி, பள்ளியில் விளையாட்டு டீச்சர். நான் வந்து பார்த்ததையும், எதைப் பார்த்தேன் என்பதையும் திக்கித் திணறி அவரிடம் சொன்னேன். ஏழாம் நம்பரை உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, மேட்ச் நேரத்துல வந்து எங்க பொண்ண கண்ணு தெரியாதவன்றீங்க. அவள உக்கார வெச்சிட்டா நீங்க ஜெயிச்சிடலாம், அதானே? யார் சொல்லிக் குடுத்த பிளானு இது?"

பெண்கள் எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஏழாம் நம்பர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். பொய் சொல்றாங்க" என்றாள். நான் என்ன சொன்னாலும் சூழ்ச்சியாகத்தான் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "கெளம்புங்க" என்றார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

கேப்டன் வண்டியை எடுப்பதற்குள் பின்னால் ஓடிவரும் சத்தம். ஏழாம் நம்பர்தான். கண்ணாடிக்குள் கண்ணீர்.

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? நான் உங்கள என்ன பண்ணேன்? இந்த மேட்ச் பாக்க காலேஜ்லேர்ந்து செலக்‌ஷனுக்கு வராங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு கெடைக்கும்க்கா. முடிஞ்சதும் நானே டாக்டராண்ட போறேன்."

"அப்போ உனக்குத் தெரியுமா?" என்றேன்.

அவள் கீழே பார்த்தாள். "முதல்ல மின்னல் மாதிரி வெட்டிச்சு. அப்புறம் ஓரத்துல கருப்பா திரை மாதிரி. இப்போ கொஞ்சம் ஜாஸ்தியாயிருக்குது. அவ்ளோதான். மேட்ச் முடியற வரைக்கும் தாங்கும்க்கா."

என்ன சொல்லி அவளைத் தடுப்பது? யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உன் இடது பக்கம்தான் எங்க ஆளுங்க வந்து நிப்பாங்க. அதான் பிளான். பழகியாச்சு. இவ வாயப் பாரு, அப்படிப் பழகறப்போ கிழிஞ்சது." அவள் நிமிர்ந்தாள். "நான் வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சுல கொஞ்ச நேரம்தான் உக்காந்திருந்தேன். எனக்கே தெரிஞ்சிடுச்சு. செலக்‌ஷனுக்குன்னே வர்றவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

அவள் கேப்டனின் வீங்கிய உதட்டையே பார்த்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவர்களுடைய கோச் அவள் பின்னாலேயே வந்திருக்கிறார். அவளுடைய இடது தோளை ஒட்டி, கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அந்தப் பெண் எங்களையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவர் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவர் மெதுவாகத் தன் கையைத் தூக்கி, அவள் காதுக்கு நேராகக் கொண்டுவந்து விரல்களை ஆட்டினார். அவள் இமை அசையவில்லை. அந்தக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினார். ஏறக்குறைய அவள் முகத்துக்கு முன்னால் வந்த பிறகுதான் "அய்யோ" என்று பதறிப் பின்வாங்கினாள்.

அந்த டீச்சரின் முகத்தை என்னால் விவரிக்க முடியாது. அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஆட்டோவ கூப்புடுங்கம்மா" என்றார் எங்களிடம்.

ஊரில் இருந்த கண் மருத்துவமனைக்குப் போனோம். அவளுடைய அப்பா வயலிலிருந்து கால் சேற்றோடு வந்து சேர்ந்தார். உள்ளே சோதனை நடந்த அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. நான் சொன்னது தப்பாக இருந்து அவள் வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு பயம். சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். கேப்டன் என் கையை விடவேயில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். இடது கண்ணின் விழித்திரை பிரிந்துகொண்டே வருகிறது, கண்ணாடி பவர் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இப்படி வருவதுண்டு, நடுப்பார்வைக்கான பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் விட்டுவிட்டால் பழைய பார்வை திரும்புவது கஷ்டம் என்றார். "இனிமே ஓடக் கூடாது. முகத்துல ஒரு அடி படக் கூடாது. இப்பவே புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏழாம் நம்பர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீச்சர் பிடித்த வாடகைக் காரில் ஏறினாள்.

எங்கள் கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாறாக, போட்டியைத் தள்ளிவைக்க முடியுமா என்று நடத்துபவர்களை அவரே கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள்.

முதல் ஆட்டத்தன்று, பந்தை மேலே போட்டு ஆட்டம் தொடங்கும் டிப்பாஃபுக்குக் கொஞ்சம் முன்னால், அவர்களுடைய கோச் என்னிடம் வந்தார். "ஆபரேஷன் முடிஞ்சிது. விழித்திரை ஒட்டறதுக்காகக் குப்புறப் படுக்க வெச்சிருக்காங்க. பார்வை நிக்கும்னு சொல்றாங்கம்மா" என்றார். உடனே தன் பெண்களிடம் போய்விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஆட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நம்பருக்குப் பதிலாக ஒரு குட்டையான இடக்கைப் பெண்ணை இறக்கினார்கள். நான் பார்க்கப் போன அன்று அவள் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு ஆட்டங்களிலும் எங்களை அவள் ஒருத்தியே கவிழ்த்துவிட்டாள். மூன்றாவது ஆட்டத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. "அஞ்சு பேரத்தான் பாக்கச் சொன்னேன், ஆறாவது ஆள விட்டுட்டது என் தப்புதான்" என்று எங்கள் கோச்சே சிரித்துவிட்டார்.

ஏழாம் நம்பருக்கு அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு கிடைக்கவில்லை. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. போன் செய்தேன், எடுக்கவில்லை. சாதாரண அட்மிஷனில் ஊரிலேயே ஒரு காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு வருடம் கழித்து அவர்களுடைய கோர்ட்டில் ஒரு நட்பு ஆட்டத்துக்குப் போனபோது, கையில் விசிலோடு சின்னப் பெண்களுக்குப் பந்து தட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"உங்க மேல இருந்த கோவம் இன்னும் முழுசா போவலக்கா" என்றாள். "ஆனா தெனம் காலைல எழுந்ததும் வலது கண்ண மூடிக்கிட்டு மலையப் பாப்பேன். தெரியுது."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைகள் கூப்பிட, அவர்களிடம் போய்விட்டாள்.

இப்போதும் பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் எங்கள் கோச் என்னைத்தான் எதிர் அணியைப் பார்த்துவர அனுப்புகிறார். நானும் போகிறேன், ஆனால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கும்போது, இன்றைக்கு எதைக் கண்டுவிடப் போகிறோமோ என்று ஒரு பயம் லேசாக அசைகிறது, அந்தப் பயம் மட்டும் என்னைவிட்டுப் போகவே கூடாது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.