மாமா ரயிலுக்கு நின்ற காலை

கொரோனாவில் நின்றுபோன ரயிலை மறுபடி விடப்போகிறார்கள் என்று சேதி வந்தபோது, சுரங்க ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைனில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நம்ம ஸ்டேஷனில் நிற்குமா? பெங்களூருக்கு வேலைக்குப் போகிற என் பேத்தியும் கேட்டாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு எட்டு வயதில் இதே கேள்விக்காக அந்தப் பிளாட்பாரத்தில் யார் யார் வந்து நின்றார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த வருஷம் கோலார் தங்கவயலில் ஒரு பெரிய பர்ஸ்ட்டு. பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீடுகளும் சேர்ந்து குலுங்கும். பலகையில் இருக்கிற தட்டு, லோட்டா எல்லாம் கீழே உருளும். யார் வீட்டு ஆள் உள்ளே இருக்கிறார் என்று பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட்டுப் பக்கம் ஓடுவார்கள். அந்தத் தடவை ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தங்கம் பிரித்தபின் கொட்டுகிற சயனைடு மண்மேட்டுப் பக்கம் தண்டவாளம் அப்படியே கீழே இறங்கிவிட்டது. பங்காருப்பேட்டை ரயில் நின்றது.

அந்த ரயிலில்தான் என் அத்தை வேலைக்குப் போய்வந்தாள். அப்பாவுக்கு அக்கா. மாமா சுரங்கத்தில் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரை முகம் காட்டாமல், மூடியபடியே எடுத்துப்போனார்கள். அத்தை கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தாள். பங்காருப்பேட்டையில் ஒரு மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கிற வேலை கிடைத்தது. அது போய்விட்டால் அவளை ஊரில் மாமாவின் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வீட்டில் அப்படி என்ன இருந்தது என்று என் எதிரில் யாரும் பேசமாட்டார்கள். பேச்சு வந்தாலே அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். வாயில் வைக்கமாட்டாள்.

தண்டவாளத்தைத் தூக்கிச் சரிசெய்தார்கள். ஒருநாள் ஸ்டேஷன் போர்ட்டர் குழாயடிக்கு வந்து, ரயில் வரும், ஆனால் இங்கே நிற்காது என்று சொன்னார். பெரிய ஸ்டேஷன்களில் நிற்குமாம். இங்கே ஏறுகிறவர்கள் குறைச்சலாம்.

"வெள்ளிக்கிழமை விடிகாலையில ஆபீசருங்க சோதனை வண்டியில வராங்கோ. ஆளுங்க நிக்கறாங்களான்னு பாத்துகினே போவாங்கோ. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றார்.

கோடி வீட்டுக்காரி குடத்தைக் கீழே வைத்தாள். "அந்தக் கம்பிக்கு ஜல்லி கொட்னது யாரு? நம்ம வூட்டு ஆம்பளைங்க. ரிப்பேருக்கு நாம, குந்திகினு போறதுக்கு மட்டும் அவுங்களா?"

"நாம போய் நிப்போம்" என்றாள் அம்மா.

"பொம்பளைங்க நின்னா, வேடிக்கை பாக்க வந்ததுங்கன்னு போய்கினே இருப்பான். ஷிப்டு ஆளுங்க பத்துப் பேராவது வோணும்" என்றார் போர்ட்டர்.

"உன்னை நிறுத்திக்கிறோம்பா. தூரத்துலேர்ந்து பாத்தா நீயும் ஆம்பள மாதிரிதான் கீற" என்றாள் கோடி வீட்டுக்காரி.

போர்ட்டரே சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. பர்ஸ்ட்டில் விழுந்த பாறையை அள்ளுவதற்கு ஆம்பளைகள் எல்லோரையும் ஷிப்டுக்கு மேல் ஷிப்டாகக் கீழே இறக்கியிருந்தார்கள். லைனில் ஓர் ஆண்பிள்ளை மிச்சம் இல்லை. அத்தை என் பக்கம் திரும்பி, "நீ வூட்டுக்குப் போடி" என்றாள். அதற்குமேல் அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நான் விழித்தபோது வீட்டில் யாரும் இல்லை. அம்மாவின் பாயும் அத்தையின் பாயும் சுருட்டிக் கிடந்தன. பயந்துபோய் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆள் தெரியும், முகம் தெரியாத பனி. மண்மேடு எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. வேலி ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

பிளாட்பாரம் நிறைய ஆம்பளைகள். சுரங்கத்துக் கோட்டு, தொப்பி, கையில் தூக்குச்சட்டி. எல்லோரும் தண்டவாளத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். எனக்கு முதுகுதான் தெரிந்தது. ஒருவரும் பீடி பற்றவைக்கவில்லை. சுரங்கத்து ஆட்கள் நாலு பேர் ஒன்றாக நின்றால் இருமல் கேட்கும். எங்கள் லைனில் தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் ஓயாது. அங்கே ஒருவர்கூட இருமவில்லை.

அப்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். முதுகில் நீலத் துணி ஒட்டுப்போட்ட கோட்டு. அந்த ஒட்டைத் தைத்தது என் அம்மா. மாமா எல்லோருக்கும் முன்னால், விளிம்பில் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கோடி வீட்டுக்காரரின் கிழிந்த காக்கிக் கோட்டு. அவர் போய் மூன்று வருஷம். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு அடையாளம் தெரிந்த கோட்டெல்லாம் செத்தவர்களுடையது.

எஞ்சினும் ஒற்றைப் பெட்டியுமாக வண்டி வந்தது. சத்தமே இல்லாமல் ஊர்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெளுத்த முகம், வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தது. வண்டி நிற்கவில்லை. அது போகப் போக அத்தனை தொப்பிகளும் ஒன்றாகத் திரும்பின. மாமாவின் தோள் நடுங்கியதைப் பார்த்தேன். அப்புறம் ஓடிவந்து போர்வைக்குள் விழுந்தேன். மூன்று நாள் காய்ச்சல்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள். உயிரோடு இருந்தவர்களின் கோட்டெல்லாம் அவர்களோடு கீழே போய்விட்டது. வீடுகளில் மிச்சம் இருந்தவை போனவர்களுடையவை மட்டும்தான். முதலில் மாமாவின் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டது அத்தையாம். அதைப் பார்த்துத்தான் மற்றப் பெண்களுக்குத் தைரியம் வந்ததாம்.

எட்டு வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம், எங்கள் ஸ்டேஷனிலும் ஒரு நிமிஷம் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் ரயில் வந்த அன்று புளி மண்டிக்குப் போகிறவர்கள், கோலார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சும்மா ஏறிப் பார்க்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். அத்தை ஏறி வாசலில் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, மாமா இன்னும் வரல. வண்டிய நிக்கச் சொல்லு."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை கம்பியைப் பிடித்தபடி கீழே குனிந்தாள்.

"அவர நீ பாத்தியா?"

"பாத்தேன். அன்னிக்கு எல்லாருக்கும் முன்னால நின்னாரு."

போர்ட்டர் கொடியைத் தூக்கிவிட்டார். அத்தை இன்னும் குனிந்தாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"எப்படிடி இருந்தாரு?"

"குளுருல நடுங்கிகினு இருந்தாரு."

வண்டி நகர்ந்தது. அத்தை உள்ளே போய் உட்காரவில்லை. வளைவு திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமாவோடு பத்து வருஷம் வாழ்ந்தவள், அவர் எப்படி இருந்தார் என்று என்னிடம் ஏன் கேட்டாள் என்று யோசித்துக்கொண்டே நான் வீடு வந்து சேர்ந்தேன்.