கொக்கியைத் தூக்கியது யார்

கீரனூருக்குத் தெற்கே மூன்று ஏக்கர் கடலை போடுகிறவர் ரெங்கசாமி. யாரையும் லேசில் நம்ப மாட்டார். மனைவி உண்ணாமலை போட்டுத் தரும் டீயையே உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவருடைய மோட்டார் கொட்டகையில் ஆடி விதைப்புக்கான விதைக்கடலை இருந்தது. அதை விட்டால் வேறு விதை இல்லை. ஒருநாள் காலை கதவு திறந்து கிடந்தது. வாசலெங்கும் கடலைத் தோல். தின்றது குரங்குகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் திறந்தது யார்?

அந்தக் கொக்கி இழுத்தால் வராது. உள்ளே அழுத்தி, அப்புறம் மேலே தூக்க வேண்டும். அந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ரெங்கசாமி ஒருவர். அதே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ராக்கன் இன்னொருவர். போன மாதம்தான் முறைத்தகராறில் இருவரும் வாய்ச்சண்டை போட்டிருந்தார்கள்.

"பேசாம ஒரு பூட்டை வாங்கிப் போடுங்க" என்றாள் உண்ணாமலை.

"பூட்டுனா ஆளு எப்படிடி அம்புடுவான்?"

பாதி மூட்டை போனாலும் பரவாயில்லை, ஆள் சிக்க வேண்டும் அவருக்கு.

டீக்கடையில் நாகராசு ஒருவனிடம்தான் சொன்னார். "குரங்கு தின்னுச்சு, சரி. தொறந்து விட்டது யாருங்கிறேன்?" பெயர் சொல்லவில்லை. ராக்கன் வயல் பக்கம் மட்டும் ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கொட்டகைக்கு வந்து ஒருவரும் பார்க்கவில்லை. ராக்கன் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. மூன்றாம் நாள் அவர் கடைக்கு வருவதையே நிறுத்தினார்.

நான்காம் நாள் விடிந்ததும் ரெங்கசாமி புளியமரத்துக்குப் பின்னால் பதுங்கினார். காது கிழிந்த பெண் குரங்கு ஒன்று வந்தது. கொக்கியை அழுத்தியது, தூக்கியது, கதவு திறந்தது. இரண்டு குட்டிகள் அதன் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குட்டி, கடலை தின்னும் தாயின் வாயை மோந்து பார்த்துவிட்டுத் தானும் போய்க் கொக்கியை ஆட்டியது.

இதே மரத்தில் உட்கார்ந்து, அவர் கொக்கியைத் திறக்கும் கையை அது எத்தனை நாள் பார்த்திருக்கும்! ரெங்கசாமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. குரங்கை விரட்டக்கூடத் தோன்றவில்லை.

நேரே டீக்கடைக்குப் போனார். "ராக்கன் மேல தப்பு இல்லப்பா. குரங்குதான் தொறக்குது. எங் கண்ணால பாத்தேன்."

நாகராசு குரலைத் தாழ்த்தினான். "அவன் வந்து மெரட்டுனானாண்ணே?"

"இல்லப்பா! வாங்க, கொட்டகைக்கு வந்து நீங்களே பாருங்க" என்று கெஞ்சினார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தாரே, அதே மாதிரி ராக்கன் வயல் பக்கம் எல்லோரும் ஒரு பார்வை பார்த்தார்கள்.