என் முறையை அவர் விளையாடிய நாள்

அன்று என் துறைமுகத்தை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர் என் கணவர். அட்டைப் பலகையில் இருந்த துறைமுகம்தான். ஆனாலும் அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கனடாவிலிருந்து வந்திருந்த கணவரின் அண்ணை ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே ஒரு தீவின் வரைபடம், நிறம் நிறமான மரக்கட்டைகள், சீட்டுகள். நிலம் பிடித்து, கோட்டை கட்டி, கப்பல் விட வேண்டும். ஆட்டம் முடிய ஒரு முழுப் பகல் போகும் என்றார். அவரைத் தவிர எங்களில் ஒருவரும் அதை முன்பு விளையாடியதில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறையன்று கணவர், அண்ணை, கணவரின் தங்கையான மச்சாள், நான் என்று நால்வரும் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி இருந்தோம். கடற்காற்றில் சீட்டுகள் பறக்குமென்று யன்னல்களைச் சாத்தியதால் அறை அவிந்தது.

பிள்ளை பிறந்து பத்து மாதத்தில் எனக்கென்று கிடைத்த முதல் பகல் அது. அதற்காக விடியவே எழும்பிப் புட்டும் மீன்குழம்பும் செய்து மூடிவைத்தேன். பிள்ளையை நித்திரையாக்கும் நேரங்களில் விதிப்புத்தகத்தை இரண்டு தரம் வாசித்திருந்தேன். கட்டை ஏதும் கீழே விழுந்தால் அவள் வாயில் போட்டுவிடுவாளே என்று அடிக்கடி குனிந்து பார்த்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டும் நன்றாகத்தான் விளையாடினேன். மத்தியானத்துக்குள் வடக்குத் துறைமுகம் என் கையில். கப்பலுக்கு மரமும் சேர்த்துவிட்டேன். இன்னும் ஒரு முறை வந்தால் அண்ணையின் கடல்வழியை மறித்துவிடுவேன்.

அப்போது பிள்ளை அழுதாள். பால் கொடுக்க அறைக்குள் போனேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, என் மஞ்சள் கட்டை இருந்த துறைமுகத்தில் கணவரின் சிவப்புக் கோட்டை நின்றது.

"இதென்ன?"

"உம்மடை முறை வந்திட்டுது, நான் விளையாடினனான்," என்றார் கணவர். "துறைமுகத்தை என்னட்டை மாத்தியிருக்கிறன். உம்மடை மரத்திலை கோட்டையும் கட்டியாச்சு. இனி அண்ணையாலை எங்களை அசைக்கேலாது."

"ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?"

"கேக்க என்ன கிடக்கு? நாங்கள் ஒரு பக்கம்தானே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் என் எதிரே இருந்தார். சின்ன வயதிலிருந்து அவர் விளையாடுவது முன்னூற்று நாலு. அந்தச் சீட்டாட்டத்தில் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. காலையிலிருந்து அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியது கையில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்காம். நான் அதை அன்பு என்று நினைத்துச் சிரித்திருந்தேன்.

"இதிலை கட்சியே இல்லை. ஆளாளுக்குத் தனி. புத்தகத்திலை கிடக்கு. ஒருத்தர் எழும்பிப் போனால் அவரின்ரை முறையைத் தாண்டிப் போறதுதான். கட்டையைத் தொடக்கூடாது."

"அதைத்தானே காலமை சொன்னனான். உவன் கேட்டால்தானே," என்று அண்ணை சிரித்தார்.

"அப்ப ஏன் அண்ணை நீங்கள் மறிக்கேல்லை?"

"புருசன் பெண்சாதிக்கு நடுவிலை நான் ஏன்?"

"நான் சொன்னனான் மச்சாள்," என்றாள் கணவரின் தங்கை. "'நீ சும்மா இரு' எண்டினம்."

அண்ணை கையை விரித்தார். "அதுக்குப் பிறகு ஒரு சுற்றுப் போயிட்டுது. இனித் திருப்பேலாது."

விருந்தாளியாக வந்திருப்பவர் முன்னால் இப்படிக் கத்தலாமா என்று ஒரு மனம் கேட்டது. விளையாட்டுத்தானே என்றது. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகக் கையும் நீண்டது. வழமையாக அப்படித்தான் செய்வேன். ஆனால் அண்ணையின் முறையை எடுத்து விளையாட இவருக்குக் கை நீண்டிருக்குமா? மச்சாளின் முறையைத்தான் தொட்டிருப்பாரா?

"திருப்ப வேண்டாம்," என்றேன். பிள்ளையைக் கணவரின் மடியில் இருத்தினேன். "பிடியுங்கோ."

"என்ரை முறை வரப்போகுதப்பா."

"வந்தால் நான் விளையாடுறன். ஒரு பக்கம்தானே?"

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையால் தன் சீட்டுகளை நெஞ்சோடு மறைத்தார்.

அதன் பிறகு நான் அவருடைய நிலங்களை மட்டுமே பார்த்தேன். வெல்வதற்கு அது வழியல்ல என்று தெரியும். நான் அவரை அடித்துக்கொண்டிருக்க, மச்சாள் தெற்கே அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தாள். தெரிந்தும் செய்தேன். பின்னேரம் அவருடைய கடைசிக் கோட்டையும் போனது.

"எனக்கு ஆட்டம் முடிஞ்சுது. பிள்ளைக்குப் பசிக்குது போல. நீர் ஒருக்கா..."

"எனக்கு முடியேல்லை."

அவர் பிள்ளையோடு குசினிக்குப் போனார். "கஞ்சி எதுக்குள்ளை கிடக்கு?" என்று குரல் வந்தது. ஒரு மூடி விழுந்து உருண்டது. என் கால்கள் எழும்பத் துடித்தன. வாயைச் சுடவைத்துவிடுவாரோ, கட்டியாக ஊட்டிவிடுவாரோ?

"மச்சாள், உங்கடை முறை," என்றாள் தங்கை.

"கையிலை வைச்சுச் சூடு பாருங்கோ," என்று குசினிப் பக்கம் கத்திவிட்டு, சீட்டை எடுத்தேன்.