வெங்காயத்துக்கு ஒரு கவச வண்டி

கோப்பாயில் பஸ்ஸைக் காணவில்லை. வீதியோரம் அரசாங்கத் திணைக்களம் ஒன்று போட்டிருக்கும் பந்தலுக்குள் ஒதுங்குகிறேன். நிழல் இலவசம்.

இராணுவ வாகனங்களுக்குக் கவசத் தகடு அடித்த தொழிற்சாலை ஒன்று, திணைக்களத்தின் உதவியோடு இப்போது தோட்டக்காரருக்கு ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி செய்கிறதாம். வண்டி புதிது, தகடு மட்டும் அதே தகடு.

சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் வண்டியைத் தள்ளுகிறார். அது அசையவில்லை. விற்க வந்த இளம் உத்தியோகத்தரும் சேர்ந்து தள்ளுகிறார். சில்லு மண்ணுக்குள் இறங்குகிறது.

“கொஞ்சம் பாரந்தான், அண்ணை. ஆனா குண்டே துளைக்காது.”

“என்ரை வெங்காயத்தை ஆர் தம்பி சுடப்போறாங்கள்?”

பந்தலே சிரிக்கிறது. உத்தியோகத்தர் வியர்வையைத் துடைக்கிறார்.

“ஒண்டாவது எடுங்கோ, அண்ணை. இன்னும் ஒருத்தரும் வாங்கேல்லை. மேலிடத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

தோட்டக்காரர் இரக்கப்பட்டவர்போல் குனிந்து, விரலை மடக்கித் தகட்டைத் தட்டிப் பார்க்கிறார். ‘டங்’ என்கிறது.

“சாமான் திறம்தான், தம்பி. ஆனா இதைச் சண்டை நேரமெல்லே எங்களுக்கு வித்திருக்க வேணும்? தலைகீழாக் கவிட்டுப்போட்டு உள்ளுக்கை இருந்திருப்பம்.”